நாடுகளின் ஆட்சி முறைகளும் நம் வன்னி நாடும்

ஆட்சி முறைகளை ஒப்புநோக்கி ஆராய்வது மிகப் பழைய கல்வியாகும். ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நகர அரசுகளின் அமைப்புக்களைத் திரட்டி ஆராய்ந்தார் என்பர். ஒருவர் ஆள்வது, சிலர் ஆள்வது, பலர் ஆள்வது என அவற்றை அவர் மூவகைப்படுத்தினார். ஆள்வோர் பொதுநலம் கருதும்போது ஒவ்வொரு வகையும் நல்லதாகும். தந்நலம் கருதும்போது அதுவே தீயதாகும் என்பது அவர் கண்ட முடிபு.

நாம் மிசன் பாடசாலையிலே குடியியல் படித்த காலத்தில் இவற்றையெல்லாம் அட்டவணையிட்டு மனனஞ் செய்தோம். இங்கிலாந்து முடியாட்சி, அமெரிக்கா சனாதிபதி ஆட்சி, சுவிற்சர்லாந்து கூட்டாட்சி. புள்ளிகளும் நன்றாகவே கிடைத்தன. அந்தத் துணிவோடு நம் சங்க மண்டபத்தில் “சிறந்த ஆட்சி முறை எது?” என்று விவாதம் ஒன்றும் நடத்தினோம். இரு பக்கத்தாரும் நாடு நாடாக எடுத்துக்காட்டிப் பேசினோம். முடிவில் சபையிலிருந்த கமக்காரப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “தம்பிமார், எல்லா நாட்டையும் சொல்லிப்போட்டியள், நல்லது. ஆனால் அந்த நாடுகளிலை கடைசி வாய்க்கால்காரன் தனக்குத் தண்ணி வரேல்லை எண்டால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?” என்றார்.

சபை சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி நம்மை விடவில்லை. ஆட்சி முறையின் பெயரை அறிந்திருந்தோமேயன்றி அதனை அளக்கும் கோலை அறிந்திருக்கவில்லை. பெரியவர் தந்த அந்தக் கோலைக் கொண்டு, நம் நாடு கண்ட ஆட்சி முறைகளையும் அவற்றை ஒத்த பிறநாட்டு முறைகளையும் இக்கட்டுரையில் அளந்து பார்க்க முயல்கின்றோம்.

முன்னாளைய முறைகள்

நம் வன்னியின் பழைய ஆட்சி வன்னியர் ஆட்சி. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி எனப் பற்றுக்கள் பல இருந்தன. வன்னியர் யாழ்ப்பாணத்து மன்னர்க்கும் பின்னர் ஐரோப்பியருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தனர். மேலரசின் கை தளர்ந்தபோது தம் விருப்பப்படி ஆண்டனர். பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையாற் தோற்கடிக்கப்பட்டதும் நம் சிறுவரும் அறிந்த வரலாறு. அவ்வீரத்தைப் போற்றுகின்றோம். எனினும் உண்மையையும் சொல்லவேண்டும். வன்னியர் ஆட்சி பிறப்புரிமை ஆட்சி. ஆள்பவர் அருகில் இருந்தார், குறையைச் சொல்லலாம். ஆனால் அவரை மாற்றும் உரிமை குடிகளுக்கு இருக்கவில்லை.

தமிழகத்தில் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் வேறொரு முறையைக் காட்டுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட அவை, 30 குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுத்த வகையைக் கூறும். பதவிக்காலம் ஓராண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரமுடியாது. அவருடைய உறவினரும் வரமுடியாது. இன்றைய பாராளுமன்றங்களும் நாணத்தக்க விதி இது! ஆயினும் ஓலையிற் பெயர் எழுதப்படும் தகுதி நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே இருந்தது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அக்குடத்தில் இடமில்லை. ஆள்வோர் கணக்குக் காட்டினர். ஆனால் எல்லார்க்கும் காட்டவில்லை.

ஆங்கிலேயர் 1833இல் கோல்புறூக்கின் ஆலோசனைப்படி சட்டநிரூபண சபையை நிறுவினர். அதில் உத்தியோகத்தர் 9 பேர், உத்தியோகப் பற்றற்றோர் 6 பேர். அந்த அறுவரில் தமிழர் அனைவருக்குமாக ஒரே ஒருவர். அவரையும் தேசாதிபதியே நியமித்தார். வன்னிக் குடியானவன் குரல் கச்சேரி வாசலுக்கு மேல் ஏறவில்லை.

அக்காலத்தில் ஆங்கிலேயர் செய்த ஒரு சிறு சட்டம் மாத்திரம் நம் கவனத்திற்குரியது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், நெற்செய்கையிலும் நீர்ப்பாய்ச்சலிலும் இருந்த பழைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்த வழிசெய்தது. காணிக்காரரே கூடிப் பெரும்பான்மையால் விதிகளைத் தீர்மானிக்கலாம். பின்னர் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்றும் காலபோகம் தொடங்குமுன் கமக்காரர் கூடுகின்றனர். துருசு திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடு கட்டும் நாள், வேலி அடைக்கும் நாள் எல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில், நீர் போதுமான அளவு காணியை மாத்திரம் எல்லோரும் பங்கிட்டு விதைக்கும் வழக்கமும் உண்டு. மேல் வாய்க்காற்காரர் எண்ணிக்கையிற் கூடியவராயினும் கடைசி வாய்க்காற்காரன் பங்கை வாக்கெடுத்து இல்லாமற் செய்வதில்லை. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

1931: குழு முறை

டொனமூர் அரசியல் திட்டம் 1931இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பெருங்கொடை சர்வசன வாக்குரிமை. 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்காளராயினர். இங்கிலாந்திற் பெண்கள் ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பெற்றது 1928இலேதான். சுவிற்சர்லாந்துப் பெண்கள் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்க 1971 வரை காத்திருந்தனர். அந்நாட்டின் அப்பென்செல் உட்பகுதி என்னும் சிறு மாநிலத்தில் மாநில விடயங்களில் வாக்களிக்க 1990 வரை காத்திருந்தனர். நம் முள்ளியவளைப் பாட்டி அந்நாட்டுச் சீமாட்டிக்கு நாற்பது ஆண்டு முந்தியவள் என்று பெருமை கொள்ளலாம்.

அரசாங்க சபையில் 50 பேர் தெரிவு செய்யப்பட்டோர். 8 பேர் நியமனம் பெற்றோர். 3 பேர் அரசாங்க உத்தியோகத்தர். தெரிவானோரும் நியமனம் பெற்றோரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிந்தது, அவரே மந்திரி. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவு இம்முறைக்குத் தேவைப்படவில்லை. சபையின் கடைசி உறுப்பினனும் ஒரு குழுவிலிருந்து நிர்வாகத்திற் பங்குகொண்டான். இலண்டன் மாநகரக் கவுன்சிலின் குழு முறையை இது ஒத்திருந்தது.

இம்முறைக்கு உடனே தீர்ப்புக் கூறலாகாது. கன்னங்கர அவர்கள் தலைமை வகித்த கல்விக் குழுவின் முயற்சியாலேயே 1945இல் இலவசக் கல்வி வந்தது. இன்று கிளிநொச்சிக் கூலியாளன் பிள்ளை பல்கலைக்கழகம் செல்வது அதன் பயன். அதேவேளை, முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிட்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு ஆசனங்களும் வெறுமையாயின. அவ்வாலிபரின் இலட்சியம் உயர்ந்தது. ஆயினும் முதற் சபையின் தொடக்கத்தில் வடபகுதியின் குரல் குறைந்ததும் உண்மை.

1936இல் வேறொன்று நிகழ்ந்தது. குழுக்களின் உறுப்பினரைக் கணக்குப் பார்த்து அமைத்ததனால், ஏழு குழுக்களும் சிங்களவரையே தலைவராகத் தெரிந்தன. ஏழு மந்திரிகளும் ஒரே இனத்தவராயினர். இந்தக் கணக்கை வகுக்க உதவியவர் கணிதப் பேராசிரியர் செல்லப்பா சுந்தரலிங்கம் என்று அக்கால அரசியலை எழுதியோர் கூறுவர். அவரைப் பின்னர் நம் வவுனியாவிற் சந்திப்போம்.

இதற்கு இணையாகச் சுவிற்சர்லாந்தை நோக்குவோம். அங்கும் 1848 முதல் எழுவர் கொண்ட சபையே நாட்டை ஆள்கிறது. தலைமை ஆண்டுதோறும் மாறும். ஜெர்மன் மொழியார் பெரும்பான்மையினர். எனினும் பிரெஞ்சு, இத்தாலிய மொழியாரையும் எழுவருள் இடம்பெறச் செய்வது நெடுங்கால வழக்கு. இன்று அரசியலமைப்பே மொழிகளையும் பகுதிகளையும் கருதுமாறு பணிக்கின்றது. எழுவர் என்ற எண்ணிக்கை இரு நாட்டுக்கும் ஒன்றே. அங்கே பங்கிடும் வழக்கு இருந்தது. இங்கே அது இருக்கவில்லை.

1947: பாராளுமன்ற முறை

சோல்பரி அரசியலமைப்பு இங்கிலாந்தின் முறையை நமக்குத் தந்தது. பிரதிநிதிகள் சபையில் 101 பேர். மேற்சபையில் 30 பேர். 75,000 மக்களுக்கு ஓராசனம் என்பதோடு, மாகாணத்தின் ஒவ்வோர் ஆயிரம் சதுர மைலுக்கும் ஓராசனம் என்ற கணக்கும் சேர்க்கப்பட்டது. மக்கள் குறைந்து காடு நிறைந்த இடங்களின் குரல் அமுங்காதிருக்கச் செய்த ஏற்பாடு இது. வடமாகாணம் பெற்ற 9 ஆசனங்களுள் வவுனியா ஒன்று. அன்று முல்லைத்தீவும் அதனுள்ளே அடங்கியது. கிளிநொச்சி 1960இலும் முல்லைத்தீவு 1977இலும் தனித்தொகுதிகளாகத் தேர்தல் கண்டன.

வவுனியாவின் முதற் பிரதிநிதியாக 1947இற் சுயேச்சையாக வென்றவர் சுந்தரலிங்கம் அவர்களே. டி. எஸ். சேனநாயக்க அவர்களின் மந்திரிசபையில் வர்த்தக மந்திரியுமானார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமை மசோதா சபைக்கு வந்தபோது அவர் அதனுடன் உடன்படவில்லை. அவ்வாண்டின் இறுதியிற் பதவியைத் துறந்தார். குழு முறையில் முரண்பட்டவன் குழுவிலிருந்து வாதிடலாம். மந்திரிசபை முறையிலோ, கூட்டுப்பொறுப்பை ஏற்காதவன் வெளியேற வேண்டியதே. வன்னியின் ஒரே உறுப்பினர் வெளியேறினார், சட்டம் நிறைவேறியது. தோட்டத் தமிழர் இலட்சக்கணக்கில் வாக்குரிமை இழந்தனர்.

எந்த இனத்திற்கும் தனியே பாதகம் செய்யும் சட்டம் இயற்றலாகாது என 29ஆம் பிரிவு கூறியதே என்று வினவலாம். வழக்குப் பிரிவுக்கவுன்சில் வரை சென்றது. 1953இற் கோடாகன்பிள்ளை வழக்கில் அச்சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இது தூரத்துச் செய்தியன்று. உரிமையிழந்தோரின் குடும்பங்கள் பல 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறின. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர்.

இங்கிலாந்தில் இம்முறை எவ்வாறு நிலைக்கின்றது? அங்கே இன்றைய சிறுபான்மைக் கட்சி நாளைய பெரும்பான்மைக் கட்சியாகலாம். ஆகவே ஆள்பவன் அளவோடு ஆள்வான். தன் முறை முடிந்து எதிர்வரிசையில் அமரவேண்டுமென்பதை அறிவான். ஆனால் இன எண்ணிக்கை தேர்தலால் மாறுவதில்லை. நூற்றுக்குப் பத்துப் பேராயிருப்பவர் அடுத்த தேர்தலில் ஐம்பத்தொன்றாவதில்லை. இதனையுணர்ந்தே 1949 டிசெம்பரில் நிறுவப்பெற்ற இலங்கைத் தமிழரசுக் கட்சி கூட்டாட்சியைக் கோரியது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பிலோ 29ஆம் பிரிவே இல்லாமற் போயிற்று. மேற்சபையும் அதற்கு முந்திய ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது.

1978: சனாதிபதி முறை

இன்றைய அரசியலமைப்பு 1978 செப்ரெம்பர் 7இல் நடைமுறைக்கு வந்தது. மக்களே தெரியும் நிறைவேற்றுச் சனாதிபதி. அவருக்குக் கீழே பிரதம மந்திரி. பிரான்சில் 1958இல் ஏற்பட்ட ஐந்தாங் குடியரசை இது பெரிதும் ஒத்தது. விகிதாசாரத் தேர்தலும் வந்தது. 225 உறுப்பினருள் 196 பேர் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாயின. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற் சேர்ந்தது. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கான வன்னித் தேர்தல் மாவட்டத்திற்கு 2024இற் கிடைத்தவை 6 ஆசனங்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6 எனக் குறைந்தது. போரும் புலப்பெயர்வும் நம் ஊர்களில் மூடிவைத்த வீடுகள் பாராளுமன்றத்தில் ஆசனக் குறைவாய்த் தெரிகின்றன.

அமெரிக்காவிலும் சனாதிபதி வலிமை மிக்கவர். ஆனால் அவருக்கு எதிரே நிற்பன பல. கலிபோர்னியாவில் ஏறக்குறைய நான்கு கோடி மக்கள்; வயோமிங்கில் ஆறு இலட்சமும் இல்லை. செனற் சபையில் இரண்டிற்கும் இவ்விரண்டு உறுப்பினரே. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தன் சட்டசபையும் ஆளுநரும் உண்டு. நீதிமன்றம் கட்டளையிட்டதும் காங்கிரஸ் குற்றஞ்சாட்ட எழுந்ததுமே 1974இல் நிக்சனைப் பதவி விலகச் செய்தன. நாம் சனாதிபதியை எடுத்துக்கொண்டோம். செனற்றையும் மாநிலங்களையும் எடுத்துக்கொள்ளவில்லை.

விளைவு யாது? 1977இல் தெரிவான பாராளுமன்றம், 1982 டிசெம்பர் 22ஆம் நாள் நடந்த சர்வசன வாக்கெடுப்பினால் பொதுத்தேர்தலின்றியே தன் ஆயுளை நீட்டி 1988 டிசெம்பர் வரை இருந்தது. அதனிடையே 1983இல் ஆறாந் திருத்தம் கோரிய சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர் ஆசனம் இழந்தனர். குரல் கேட்கவேண்டிய ஆண்டுகளிலே குரலுக்கு இடமில்லை. அதன்பின் 2009 மே வரை நம் மண்ணில் நடந்ததை இம்மலரைப் படிப்போருக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. நாம் அன்று சிறு குழந்தைகள். நம்மைச் சுமந்து நடந்தவர்கள் இச்சபையில் இருக்கின்றனர்.

நல்ல ஏட்டுச் சட்டம் இருந்தாற் போதுமோ எனின், போதாது. சோவியத்து நாட்டின் 1936ஆம் ஆண்டு யாப்பு பேச்சுரிமை, எழுத்துரிமை, குடியரசுகளுக்குப் பிரிந்துபோகும் உரிமை அனைத்தையும் எழுதிவைத்தது. கேட்கத் துணிந்தவரைச் சிறை கொண்டது. 1991இல் அவ்வரசே மறைந்தது.

நம் அயலான இந்தியா வேறு வழி சென்றது. 1950ஆம் ஆண்டு யாப்பு மத்திக்கு மிகுந்த வலிமை தந்ததாயினும் மாநிலங்களை வைத்திருந்தது. 1956இல் அவற்றை மொழிவழி திருத்தியமைத்தது. குறைகள் அங்கும் பல. ஆயினும் சென்னையிலுள்ளவன் எதற்கும் டில்லிக்கே ஓடவேண்டியதில்லை.

நமக்கும் 1987இல் பதின்மூன்றாந் திருத்தத்தால் மாகாண சபை வந்தது. வடமாகாணம் தன் தனிச் சபைக்கு முதன்முறையாக வாக்களித்தது 2013 செப்ரெம்பர் 21இல். மாவட்டங்களுக்குரிய 36 ஆசனங்களுள் வவுனியாவுக்கு 6, முல்லைத்தீவுக்கு 5, கிளிநொச்சிக்கு 4. வன்னிப் பெருநிலத்து 15 உறுப்பினர் ஒரே சபையில் அமர்ந்தது சிறு செய்தியன்று. அதிகாரம் போதாது என்ற முறைப்பாடும், இருந்த அதிகாரம் முழுதும் பயன்படுத்தப்படவில்லை என்ற முறைப்பாடும் அக்காலத்தில் எழுந்தன. 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. நமக்கு மிக அருகிலுள்ள பிரதேச சபைகளும் 2023 மார்ச் முதல் 2025 மே வரை தெரிவான உறுப்பினரின்றி உத்தியோகத்தர் கையிலே இருந்தன. வீதி விளக்கு எரியாவிட்டாலும் விண்ணப்பம் எழுதவேண்டிய நிலை.

கண்ட முடிபு

இவ்வளவையும் தொகுத்து நோக்கின் ஒன்று தெளிவாகும். நாம் மூன்று முறை பெரிய ஆட்சி அமைப்புக்களைப் பிறரிடமிருந்து பெற்றோம். மூன்று முறையும் துருசைக் கொண்டுவந்தோம்; வாய்க்காலை வெட்டவில்லை. எழுவர் சபை வந்தது, பங்கிடும் வழக்கு வரவில்லை. மந்திரிசபை வந்தது, அதனைக் கட்டுப்படுத்தும் ஆட்சி மாற்றம் சிறுபான்மையோர்க்குக் கிட்டவில்லை. சனாதிபதி வந்தார், அவரை எதிர்நின்று தடுக்கும் மாநிலங்கள் வரவில்லை. ஆகவே முடியாட்சியா, குடியாட்சியா என்பது முதற் கேள்வியன்று. தொகையிற் குறைந்தவனும் தொலைவில் இருப்பவனும் தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையிலே கேள்வி கேட்கும் இடம் உண்டா, கேட்டால் விடை சொல்லக் கடமைப்பட்டவர் உண்டா என்பதே முதற் கேள்வி.

அவ்வாய்க்காலை வெட்டுவது கொழும்பின் வேலை என்று நாம் வாளாவிருத்தல் தகாது. நம் கிராமங்களிற் பயிர்ச்செய்கைக் கூட்டங்களுக்கு வாலிபர் எத்தனை பேர் செல்கின்றோம்? உள்ளூர்ச் சபைகளில் நாலிலொரு பங்கு பெண்களுக்கென 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் ஒதுக்கப்பட்டிருக்கிறதே, நம் சங்க நிர்வாகக் குழுவிலே சகோதரியர் எத்தனை பேர்? கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாது என்ற உத்தரமேரூர் விதியை நம் பொருளாளருக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் கோயிற் சபைக்கும் விதித்தோமா? மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் நம் கூட்டத்தில் முன்வரிசை உண்டா? சிறு சபையிற் பழகாத நீதியைப் பெருஞ்சபையிற் கேட்க நமக்கு வாய் எழாது.

அன்று கேள்வி கேட்ட பெரியவருக்கு நாம் இப்போது விடை கூறலாம். ஐயா, கடைசி வாய்க்கால்காரன் தண்ணீர் கேட்கச் சில நாடுகளில் மாநில சபை உண்டு, சில நாடுகளில் நீதிமன்றம் உண்டு, சிலவற்றில் ஒன்றுமில்லை. நம் நாட்டில் அவ்விடம் இன்னும் முற்றாகக் கட்டப்படவில்லை. ஆனால் நம் குளக்கட்டுக் கூட்டத்தில் நீங்கள் அதனை நெடுங்காலமாக நடத்தி வந்திருக்கிறீர்கள். அந்த வழக்கத்தை நமக்குக் கற்றுத் தாருங்கள். அடுத்த காலபோகக் கூட்டத்திற்கு நாமும் வருகின்றோம்.